பன்னிரண்டாவது படம்

நம்ம வீரசோழன் பக்கத்தில் இன்றைக்குக் குதிரை என்று சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்குக் குதிரைவாலி அரிசிதான் ஞாபகத்துக்கு வரும். சர்க்கரைக்கு நல்லது என்று டவுன்காரர்கள் இப்போது கிலோ கணக்கில் வாங்கிப் போகிறார்கள். கதிர் குதிரை வால் மாதிரி இருப்பதால் அந்தப் பேர். அப்படிப் பேர் வைத்தவன் தினமும் குதிரையைப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். பயிர் இருக்கிறது, பேர் இருக்கிறது. குதிரையைத்தான் காணோம். வாரச் சந்தையில் ஆடு நிற்கும், கோழி நிற்கும். குதிரை நின்று பல காலம் ஆகிவிட்டது.

எனக்கு வாழ்க்கையில் இரண்டு பைத்தியம். ஒன்று குதிரை, இன்னொன்று கேமரா. கேமரா எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்டது. குதிரை ஒரு பைசா தரவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் அது சரியில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

என் அத்தா அருப்புக்கோட்டையில் ஜட்கா வண்டி ஓட்டினவர். ரயிலடியிலிருந்து பஜாருக்கு ஆட்களை ஏற்றுவார். நெசவுத் தெருக்களுக்கு நூல் பொதி ஏற்றுவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஊருக்கு வந்து தொழுதுவிட்டு, மறுநாள் விடியுமுன் கிளம்பிவிடுவார். எங்களை ராவுத்தர் என்பார்கள். அந்தச் சொல்லுக்கே குதிரை வீரன் என்றுதான் பொருள். அருணகிரிநாதர் முருகனையே அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார். அப்படிப்பட்ட பேரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு குதிரையோடு வாழ்ந்தவர் அத்தா.

அது ஒரு சிவப்புப் பெட்டைக் குதிரை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. செம்பி என்று கூப்பிடுவார். சுழி பார்த்து வாங்கினது. மாட்டுக்குப் பார்ப்பது போலவே குதிரைக்கும் உடம்பில் முடி சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் விலை பேசுவார்கள். திருச்சுழிப் பக்கத்துக்காரனுக்குச் சுழி பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா என்று அத்தா வேடிக்கையாகச் சொல்வார்.

பாண்டிய நாட்டுக் கடற்கரையில் அரபு தேசத்துக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ அதை எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய மன்னர்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவார்களாம். பராமரிக்கத் தெரியாததால் பெரும்பாலானவை அந்த வருஷம் முடிவதற்குள் செத்துப்போகுமாம். இதைப் படித்துவிட்டு வந்து அத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ராசாவுக்கு என்ன, அடுத்த வருசம் வேற வாங்கிக்கிடுவான். நம்ம செம்பி செத்தா நாமளும் செத்தோம்" என்றார். வீட்டில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கு முன்னால் செம்பிக்குக் கொள்ளு ஊறப்போட்டு விடுவார்கள்.

குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். குதிரைக்கு இரண்டு பக்கமும் கண். அதன் பின்னால் நேராக நிற்பவனும் நெற்றிக்கு நேர் எதிரே ஒட்டி நிற்பவனும் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். அதனால் தோள்பட்டைப் பக்கமாகத்தான் போக வேண்டும், பேசிக்கொண்டே போக வேண்டும். காது முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. காதைப் பின்னால் படுக்கப்போட்டால் கோபம், கிட்டே போகாதே. "குதிரை வாயால பேசாது, காதாலதான் பேசும்" என்பார்.

1971-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இருட்டறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் டெவலப்பர் கலக்குவது, ஹைப்போவில் அலசுவது, நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தார். கேமரா யாஷிகா மேட். மேலே குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் கேமரா. ஊட்டி தொழிற்சாலையில் தயாரான 'இந்து' பிலிம் கிடைத்தால் அதைப் போடுவோம். ஒரு ரோலுக்கு 12 படம்.

இங்கேதான் என் அதிர்ஷ்டம். பாஸ்போர்ட்டுக்கோ, வேலை மனுவுக்கோ அவசரமாகப் படம் வேண்டும் என்று யாராவது வந்து நிற்பார்கள். ரோல் முடியும் வரை காத்திருக்க முடியாது. பதினோரு படத்தோடு ரோலைக் கழற்றிக் கழுவியாக வேண்டும். அப்படி மிஞ்சுகிற கடைசிப் படத்தை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி அனுமதி கொடுத்திருந்தார். "வீணாப் போறத நீ எடுத்துக்கோ தம்பி" என்பார். வாரத்துக்கு ஒன்று கிடைக்கும், சில வாரம் இரண்டு. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓடுவேன். என் குதிரைப் படங்கள் முக்கால்வாசி இந்தப் பன்னிரண்டாவது படங்கள்தான். இருப்பது ஒன்றே ஒன்று என்பதால் அவசரப்பட முடியாது. காது நிமிரும் வரை, நாலு காலும் தனித்தனியாகத் தெரியும் வரை நிற்க வேண்டும். ரோல் முழுவதும் என் கையில் இருந்திருந்தால் அந்தப் பொறுமை எனக்கு வந்திருக்காது.

1973-ல் ஒரு நாள் அத்தாவையும் செம்பியையும் சேர்த்து எடுக்கப் போனேன். அத்தா படம் எடுத்துக்கொள்ளமாட்டார். அவர் வயதில் எங்கள் ஊரில் பலர் அப்படித்தான். "என்னைய எதுக்குத்தா எடுக்கிறே, செம்பிய எடு" என்று ஒதுங்கிவிட்டார். ஆனால் பிடி விட்டால் அது கொள்ளுப் பையைத் தேடி நகர்ந்துவிடும். அதனால் கடிவாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். படத்தில் செம்பி முழுசாக நிற்கிறது, காது நிமிர்ந்து. ஓரத்தில் ஒரு கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, நகம் உடைந்த கட்டைவிரல். என் அத்தாவுக்கு என்னிடம் இருக்கும் ஒரே படம் அந்தக் கைதான். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறது, முகம் எங்கும் இல்லை. என் பேரப்பிள்ளைகள் "பூட்டன் கை" என்று அந்தப் படத்தைக் காட்டுவார்கள்.

சில வருஷம் கழித்து மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அதில்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற பேரை முதலில் படித்தேன். குதிரையையும் கேமராவையும் உலகத்தில் முதலில் சரியாகச் சேர்த்து வைத்தவர் அவர்தான்.

கதை இதுதான். கலிபோர்னியாவில் லேலண்ட் ஸ்டான்போர்டு என்று ஒரு ரயில்வே முதலாளி. அந்த மாநிலத்துக்குக் கவர்னராக இருந்தவர். குதிரைப் பிரியர். நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்று அவருக்குச் சந்தேகம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அத்தனை வேகம். ஓவியர்கள் முன்னங்காலை முன்னாலும் பின்னங்காலைப் பின்னாலும் நீட்டி, குதிரை பறப்பது போல வரைந்து கொண்டிருந்தார்கள். பாரிஸ் லூவர் காட்சிசாலையில் உள்ள, ழெரிக்கோ 1821-ல் வரைந்த எப்சம் பந்தய ஓவியத்தில் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன.

1878 ஜூன் மாதம் ஸ்டான்போர்டின் பாலோ ஆல்ட்டோ பண்ணையில் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். வெளிச்சம் போதாது என்று பின்னால் வெள்ளைத் திரை கட்டினார். தடத்தையும் வெள்ளையாக்கினார். குறுக்கே கட்டிய நூலைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட ஓட, ஒவ்வொரு கேமராவாக மூடித் திறந்தது. சாலி கார்ட்னர் என்ற பெட்டைக் குதிரை ஓடியது. கழுவிப் பார்த்தால், ஆமாம், நாலு காலும் தரையில் இல்லை. ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி நீட்டிக்கொண்டும் இல்லை. நாலும் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கூடுகிற நொடியில்தான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது. நம்ம திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் நடந்தது இது. அந்தப் பண்ணை இடத்தில்தான் இன்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது இது மட்டுமில்லை. 12 கேமரா என்பதைப் படித்தபோது என் 12 படம் ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரே ஓட்டத்தில் 12. எனக்கு 12 ரோலுக்கு 12! பிறகு அந்த இருவருக்கும் மனஸ்தாபம் வந்தது. 1882-ல் ஸ்டான்போர்டு வெளியிட வைத்த புத்தகத்தில் மைபிரிட்ஜுக்கு உரிய பெருமை கொடுக்கப்படவில்லை. அவர் வழக்குப் போட்டும் ஜெயிக்கவில்லை. மனம் விடாமல் வேறு இடத்தில் வேலையைத் தொடர்ந்து, 1887-ல் மனிதரும் மிருகங்களும் அசையும் விதத்தைக் காட்டும் 781 படத்தகடுகள் கொண்ட பெருந்தொகுப்பைக் கொண்டுவந்தார். குதிரை ஆசை ஒருவருக்கு, கேமரா வேலை இன்னொருவருக்கு என்று பிரிந்திருந்ததால் வந்த சண்டை இது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் சண்டை மனசுக்குள்ளே நடக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

1979-ல் சென்னையில் இருந்த ஒரு தெரிந்தவர் மூலம், கிண்டி ரேஸ் கோர்ஸ் பக்கம் படமெடுக்கும் வேலைக்கு ஆள் தேவை என்று தகவல் வந்தது. குதிரையும் கேமராவும் சேர்ந்தே சம்பளம் தருகிற இடம் தமிழ்நாட்டில் அதைவிட எது? போய்ப் பார்த்தேன். பந்தயக் குதிரையைப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான். செம்பி அதன் தோளுக்குத்தான் வரும். தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரிகிறது. முடிவுக் கோட்டில் வைக்கும் கேமரா எப்படி வேலை செய்யும் என்றும் ஒருவர் விளக்கினார். அதில் திறந்து மூடும் ஷட்டர் கிடையாது. கோட்டுக்கு நேராக ஒரு மெல்லிய பிளவு மட்டும். பிளவுக்குப் பின்னால் பிலிம் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் குதிரையின் மூக்கு முதலில் கோட்டைத் தொடுகிறதோ அது முதலில் பதியும். படத்தில் தெரிவது முழுக்க அந்த ஒரே கோடுதான், வேறு வேறு நேரத்தில். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஊருக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். அதற்கு முந்தைய வருஷம்தான் செம்பி போய்ச் சேர்ந்திருந்தது. ஆட்டோ வந்துவிட்டதால் அத்தா வேறு குதிரை வாங்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "குதிரை ஓடுறது சரி. சூதுக்கு ஓடுற காசுல நம்ம வீட்ல உலை வேணாம்த்தா" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை, தடுக்கவில்லை. நான் இரண்டு நாள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து யோசித்தேன். போகவில்லை. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அப்போது அத்தா இல்லை. இருந்திருந்தாலும் அப்பீல் போட்டிருப்பார்! கிண்டி குத்தகையை 2024-ல் அரசு ரத்து செய்தது என்று பேப்பரில் படித்தபோது, அந்தக் குதிரைகள் எங்கே போகும் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது.

1980-ல் சொந்தமாகச் சின்ன ஸ்டுடியோ போட்டேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். இதில் குதிரைக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள்.

முதலில் குழந்தைகள். கைக்குழந்தையைப் படம் எடுப்பது ஸ்டுடியோக்காரனுக்குப் பெரிய பரீட்சை. குதிரைக்குச் செய்வதைத்தான் செய்தேன். எதிரே போய் நிற்காமல் பக்கவாட்டில் இருந்து பேசிக்கொண்டே நெருங்குவது. செம்பியின் காதை நிமிர வைக்க ஒரு டப்பாவில் கொள்ளைப் போட்டு ஆட்டுவேன். அதே டப்பாவைத்தான் குழந்தைக்கும் ஆட்டினேன். குழந்தை சட்டென்று திரும்பும், கண் விரியும், அந்த நொடியில் அமுக்கிவிட வேண்டும். திருச்சுழி, நரிக்குடி, கமுதி என்று எங்கிருந்தோ எல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கொள்ளு டப்பா இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

இரண்டாவது, மாப்பிள்ளை ஊர்வலம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி இரவில் கூட்டிவருவது உண்டு. கொட்டுச் சத்தத்துக்குப் பழகிய குதிரைகூட பிளாஷ் வெளிச்சத்துக்கு மிரளும். ஒரு ஊரில் இப்படி மிரண்டு, மாப்பிள்ளை கீழே விழுந்து, நிக்காஹ் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் கேள்வி. நான் ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவேன். குதிரைக்கு என் கையை முகரக் கொடுப்பேன். தூரத்தில் நின்று இரண்டு மூன்று தடவை பிளாஷ் அடித்துக் காட்டுவேன். பிறகு கொஞ்சம் கிட்டே வந்து இரண்டு தடவை. காது படுக்காமல் நின்றால் சரி. படுத்தால் அன்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்தான். வெள்ளைக் குதிரை என்றால் மீட்டர் சொல்வதைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல் நிறமாக விழும். கறுப்புக் குதிரைக்குக் குறைக்க வேண்டும். "குதிரை மாப்பிள்ளைன்னா அந்த பாயக் கூப்பிடு" என்று பேர் வந்துவிட்டது. என் மூத்த மகள் கல்யாணத்துக்கு நகை செய்தது அந்தப் பேரில் வந்த காசில்தான்.

மூன்றாவதுதான் அய்யனார் குதிரைகள். நம்ம பக்கத்துக் கண்மாய்க் கரைகளில், சீமைக்கருவேலத்துக்கு நடுவே, அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புரவி எடுப்புக்கு முன்னால் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அவர் குதிரை செய்வார். மானாமதுரைப் பக்கத்தில் ஒரு பெரியவர் செய்வதை நாலு நாள் கூடவே இருந்து படம் எடுத்தேன். முதலில் நாலு காலையும் உள்ளே கூடாக, உருளை உருளையாகச் செய்து காயப்போட்டார். பிறகு வயிறு, கழுத்து, கடைசியில் தலை. வயிற்றில் ஒரு ஓட்டை விட்டார். "காத்து போக வழி இல்லேன்னா சூளையில வெடிச்சிரும்" என்றார். திருவிழா அன்று கண் திறக்கும் வரை அது வெறும் மண் என்றும் சொன்னார்.

"ஏன்யா, ஓடுற மாதிரி செய்யமாட்டீங்களா? நாலு காலும் ஊனியே நிக்குதே?" என்று கேட்டேன். மைபிரிட்ஜ் மனசில் இருந்தார். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "மண்ணு தாங்கணும்ல பாய். ராத்திரி அவரு ஏறினப்புறம் அதுவா ஓடிக்கிடும்" என்றார். ஓடுகிற குதிரையும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 33 அடி உயரக் குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மாசி மகத்தில் அதற்குக் காகிதப் பூமாலைகளாகப் போட்டு மூடிவிடுவார்கள். ஆனாலும் எனக்கு என்னவோ காலை ஊன்றி நிற்கும் நம்ம ஊர் மண்குதிரைதான் பிடிக்கும். ஜட்கா ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்து நிற்கும் குதிரை அப்படித்தான் நிற்கும்.

உடைந்த பழைய குதிரைகளை யாரும் ஒட்டவைப்பதில்லை. அப்படியே கிடந்து மண்ணாகும், புதிது வந்து நிற்கும். அதுதான் வழக்கம், அதில் வருத்தம் இல்லை. இப்போது பல கோயில்களில் சிமெண்டுக் குதிரை வைத்து எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அது மண்ணாகாது, ஆனால் வேளாருக்கு வேலையும் கிடையாது.

உயிருள்ள குதிரையைக் கூட்டமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போகலாம். அங்கே கூடும் குதிரைச் சந்தைக்கு நான் ஐந்தாறு தடவை போயிருக்கிறேன். மார்வாரி, காத்தியவாரிக் குதிரைகளுக்குக் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அந்தக் காதுக்காகவே போகலாம். படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். போனைத் தலைக்கு மேல் தூக்கி எடுக்காதீர்கள், குதிரைக்குக் கால் குட்டையாகிவிடும். அதன் நெஞ்சு உயரத்துக்குக் குனியுங்கள்.

இப்போது என்னிடம் முந்நூற்றுச் சொச்சம் குதிரை நெகட்டிவ்கள் இருக்கின்றன. கல்யாண நெகட்டிவ்களைவிட இதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். இருந்தும் போன வருஷம் டப்பாவைத் திறந்தபோது காடி வாசம் அடித்தது. பழைய பிலிம் கெட ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளம். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். கெட்டதைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, மகன் வாங்கிக் கொடுத்த ஸ்கேனரில் தினமும் நாலு நாலாக ஏற்றுகிறேன். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னொன்று பாக்கி. செம்பியின் நெகட்டிவை முதல் நாளே ஏற்றிவிட்டேன்.

ஸ்கேன் செய்யும்போது ஒன்று கவனித்தேன். ஜட்கா ஸ்டாண்டில் குதிரைகளுக்குப் பின்னால் நான் எடுக்க நினைக்காத எத்தனையோ இருக்கிறது. இன்று இல்லாத கடைகள், நூல் பொதி சுமந்து வரும் ஒரு பெண், லாடம் அடிப்பவர் வைத்திருந்த சின்னப் பட்டறை. பதினோரு படத்துக்குக் காசு கொடுத்தவர்கள் தங்கள் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீணாய்ப் போவது என்று அண்ணாச்சி கொடுத்த அந்தப் பன்னிரண்டாவதில் ஊர் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய ஆல்பம், டிரங்குப் பெட்டி இருந்தால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஜட்கா வண்டியோ, மாப்பிள்ளைக் குதிரையோ, உடைந்துபோன பழைய மண்குதிரையோ பின்னணியிலாவது இருக்கும். காடி வாசம் அடித்தால் தள்ளிப்போடாதீர்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் ஊர், வருஷம், வண்டிக்காரர் பேர் எழுதி வையுங்கள். குதிரையின் பேர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.